காரைக்காலில் பிராங்கும் ரூபாயும்

காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலோடு கலக்கும் இடத்தில் காரைக்கால் அமைந்திருக்கிறது. அதற்கு வடக்கே தரங்கம்பாடி. தெற்கே நாகூரும் நாகப்பட்டினமும். 1750-ஆம் ஆண்டளவில் ஒருவர் தரங்கம்பாடியிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டுக் கடற்கரையோரமாகவே நடந்து அந்தி சாயும் வேளையில் நாகப்பட்டினத்தை அடைந்திருந்தால், அந்த ஒரே நாளில் அவர் டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர் ஆகிய மூவருடைய கொடிகளையும் பார்த்திருப்பார். இடையிடையே தஞ்சை மராட்டிய மன்னரின் சுங்கச் சாவடிகளையும் கடந்திருப்பார். அவருடைய மடியிலிருந்த காசும் அவரைப் போலவே எல்லை தாண்டியிருக்கும். ஓரிடத்தில் அதற்கு ஒரு மதிப்பு; அடுத்த இடத்தில் வேறொரு மதிப்பு.

இரு நாட்டு நாணயங்களுக்கு இடையேயுள்ள மாற்று விகிதம் என்றால், வங்கியதிகாரிகளும் பொருளாதார அறிஞர்களும் மட்டுமே அறிய வேண்டிய செய்தி என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்துகொண்டு, நான்கு புறமும் தஞ்சைத் தரணியோடு கொடுக்கல் வாங்கல் நடத்திவந்த காரைக்கால் மக்களுக்கு அது வீட்டுச் செய்தியாகவே இருந்தது. பாரிஸ் நகரத்துப் பிராங்குக்கும் நம் நாட்டு ரூபாய்க்கும் இருந்த உறவு காலந்தோறும் எவ்வாறு மாறியது, அம்மாற்றத்தால் வாழ்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் ஒரு வியப்பான செய்தி. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றபோது பிராங்க் என்ற நாணயத்துக்கு அந்த வணிகத்தில் இடமே இல்லை. 1738-இல் புதுச்சேரி ஆளுநராயிருந்த துய்மா, தஞ்சை மன்னர் சாகுஜியோடு பேச்சு நடத்தினார். 1739 பிப்ரவரியில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அதற்காகப் பேசப்பட்ட தொகை தஞ்சைச் சீமையின் பொற்காசாகிய சக்கரத்தில் கணக்கிடப்பட்டது. ஊர்களுக்குரிய ஆண்டுக் குத்தகை வராகனில் கணக்கிடப்பட்டது. பிரான்சு நாட்டிலேயே அன்று லீவர் என்பதுதான் கணக்கு நாணயம். இன்று நாம் வரலாற்று நூல்களில் காணும் பிராங்க், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பிறந்து, 1803-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிலைபெற்றதாகும்.

வந்தவர்கள் நம் நாணயத்தைத் தம் நாணயத்தால் மாற்றவில்லை. நம் நாணயத்தையே தாமும் அடித்தார்கள். 1736-இல் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலியிடமிருந்து ரூபாய் அடிக்கும் உரிமையைத் துய்மா பெற்றார். புதுச்சேரி நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட வெள்ளி ரூபாயில் பிரெஞ்சு மன்னரின் பெயர் இல்லை. மொகலாயப் பேரரசரின் பெயரும் ஆர்க்காட்டின் பெயருமே இருந்தன. ஒரு பிறைக் குறிதான் அது புதுச்சேரியில் பிறந்தது என்பதைக் காட்டியது. சில்லறைக்குச் செப்புக் காசுகள் அடித்தார்கள். அவற்றுள் ஒரு வகையில் ஒரு பக்கம் ‘புதுச்சேரி’ என்றும் மறுபக்கம் ‘காரைக்கால்’ என்றும் தமிழ் எழுத்திலேயே பொறித்திருந்தார்கள்.

சொற்களும் அவ்வாறே. பிரெஞ்சுக் கணக்கேடுகளில் ‘பனோன்’ என்று வருவது நம் ‘பணம்’. ‘காஷ்’ என்று வருவது நம் ‘காசு’. ‘துதூ’ என்று வருவது நம் ‘துட்டு’. ஆட்சி பிரெஞ்சுக்காரருடையதாயினும் கடைத்தெருவின் கணக்கு தமிழில் நடந்தது. காரைக்கால் உழவர் பிரெஞ்சு அரசாங்கத்துக்கு வரி செலுத்திய காலத்திலும் நெல் விற்றது ரூபாய்க்கே.

இனி, பிராங்க் எப்போது உள்ளே வந்தது? நெப்போலியனோடு நடந்த போர்கள் முடிந்து, பாரிஸ் உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் புதுச்சேரியையும் காரைக்காலையும் திருப்பிக் கொடுத்தபோது, பணக் கணக்கு ஒன்று எழுந்தது. 1815 மார்ச்சு 7-ஆம் நாள் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் உண்டாகும் உப்பின் வாணிகத்தை ஆங்கிலேயர் தம்மிடம் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஆண்டுதோறும் பிரெஞ்சு அரசாங்கத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுக்க வேண்டும். 1818-இல் மற்றோர் ஒப்பந்தம் உண்டாயிற்று. அதன்படி பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைப்பது நிறுத்தப்பட்டு, அதனால் நட்டமடைந்தவர்களுக்கு ஈடு செய்ய ஆண்டுக்கு 4,000 வராகன் அளிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் அப்போது விதிக்கப்பட்டிருந்த விகிதம் 100 வராகனுக்கு 350 ரூபாய். எனவே அந்த 4,000 வராகன் 14,000 ரூபாய்க்குச் சமம். காரைக்காலின் உப்பளங்கள் ஓய்ந்தது இந்தக் கணக்கின்மேல்தான்.

4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு நாட்டுக் கணக்கில் எவ்வளவு? ஏறக்குறைய 10 லட்சம் பிராங்க். இந்தக் கணக்கு எவ்வாறு வந்தது என்பதை மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இந்தியா முழுதும் ஒரே ரூபாய் ஏற்பட்டது. அதன் எடை 180 கிரெயின். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. அதாவது 165 கிரெயின், அல்லது 10.69 கிராம். பிரெஞ்சு நாட்டின் 5 பிராங்க் வெள்ளி நாணயத்தில் இருந்த தூய வெள்ளி 22.5 கிராம், ஒரு பிராங்குக்கு 4.5 கிராம். 10.69-ஐ 4.5-ஆல் வகுத்தால் 2.38 கிடைக்கிறது. எனவே ஒரு ரூபாய்க்கு 2 பிராங்க் 40 சாந்தீம் என்று வைத்துக்கொண்டார்கள். இதில் எவருடைய தயவும் இல்லை. இரண்டும் வெள்ளி, தராசு சொன்னதே விகிதம்.

இந்த விகிதத்தை நம்பித்தான் ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் காரைக்கால் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். பிரெஞ்சுத் தீவுகளாகிய ரெயூனியன், மர்த்தினீக், குவாதலூப் ஆகியவற்றில் 1848-இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் கூலியாட்களைத் தேடினர். 1853-இல் ‘ஒரெலி’ என்ற கப்பல் தமிழ்நாட்டுக் கூலியாட்களோடு மர்த்தினீக்கை அடைந்தது. 1860, 1861-ஆம் ஆண்டுகளில் ஆங்கில, பிரெஞ்சு அரசாங்கங்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகளின் பின்னர், தஞ்சை மாவட்டத்து ஆங்கிலேயக் குடிகளும் பெருவாரியாகக் காரைக்கால் வழியே சென்றனர். மேற்கிந்தியத் தீவுகளில் ஆண் ஒருவருக்கு ஒப்பந்தக் கூலி மாதம் 12 பிராங்க் 50 சாந்தீம். பெண்ணுக்கு 10 பிராங்க். ரூபாய்க்கு இரண்டரை பிராங்க் என்று கொண்டால் அது முறையே 5 ரூபாயும் 4 ரூபாயும் ஆகிறது. ஊரிலே ரூபாயைக் கண்டவனுக்குக் கடல் கடந்த கூலியை விளக்க அந்த எளிய விகிதம் போதுமாயிருந்தது.

ஆனால் அந்தத் தராசு நெடுங்காலம் அசையாமல் இருக்கவில்லை. 1871-க்குப் பிறகு செருமனி தங்க நாணய முறைக்கு மாறியது. தன் வெள்ளியை விற்றது. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்தும் வெள்ளி பெருகி வந்தது. உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரிந்தது. பிரான்சு 1876-இல் தனியார் கொணரும் வெள்ளியை நாணயமாக அடித்துத் தருவதை நிறுத்திற்று. அன்றுமுதல் பிராங்க் நடைமுறையில் தங்கத்தைச் சார்ந்து நின்றது. நம் ரூபாயோ வெள்ளியோடு சேர்ந்து விழுந்தது. 1871-72-இல் 23 பென்ஸுக்குச் சற்று மேலாக இருந்த ரூபாய், 1894-95-இல் 13 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. ஒரு ஸ்டர்லிங் பவுனுக்கு 25 பிராங்க் 22 சாந்தீம் என்பது அன்றைய நிலையான விகிதம். ஆகவே 2 பிராங்க் 40 சாந்தீம் பெற்ற ரூபாய், ஒரு தலைமுறைக்குள் 1 பிராங்க் 38 சாந்தீமாகச் சுருங்கிவிட்டது.

இதன் பயன் யாது? சேமிப்பு 200 பிராங்கோடு 1871-இல் காரைக்காலில் வந்து இறங்கிய கூலியாளுக்கு 83 ரூபாய் கிடைத்திருக்கும். அதே 200 பிராங்கோடு 1895-இல் வந்திறங்கியவனுக்கு 145 ரூபாய் கிடைத்திருக்கும். இருவரும் ஒரே வெயிலில் ஒரே கரும்பைத்தான் வெட்டினார்கள். பின்னவன் மிகுதியாக உழைக்கவில்லை. முன்னவன் குறைவாக உழைக்கவும் இல்லை. இடையே உலகச் சந்தையில் வெள்ளி விழுந்தது என்பதைத் தவிர வேறு வேறுபாடு இல்லை. ஆயினும் பின்னவனைப் போன்றோர் பலராயிருக்க முடியாது. ஏனெனில் ஆங்கில அரசாங்கம் ரெயூனியனுக்குக் கூலியாட்கள் செல்வதை 1882-இலும், மேற்கிந்தியப் பிரெஞ்சுத் தீவுகளுக்குச் செல்வதை 1888-இலும் நிறுத்திவிட்டது.

பிராங்கில் சம்பளம் பெற்ற பிரெஞ்சு அதிகாரிக்கு அது நல்ல காலம். ரூபாயில் வரி வாங்கிப் பிராங்கில் கடமை தீர்க்க வேண்டிய கருவூலத்துக்கு அது கெட்ட காலம். முன்னே கூறிய 4 லட்சம் சிக்கா ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அது 4,26,667 கும்பெனி ரூபாய்க்குச் சமம். பழைய விகிதத்தில் 10 லட்சம் பிராங்குக்கு மேல் பெறும் அத்தொகை, 1895-இன் விகிதத்தில் 6 லட்சம் பிராங்கைக்கூட எட்டாது. ரூபாயில் எழுதிய ஒப்பந்தம் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தது. அதன் உள்ளீடு மட்டும் கரைந்துபோயிற்று.

1893 சூனில் இந்திய அரசாங்கம் தன் நாணயச்சாலைகளைத் தனியார் வெள்ளிக்கு மூடிற்று. ரூபாய் மெல்ல எழுந்து 1898-இல் 16 பென்ஸில் நின்றது. அன்றிலிருந்து 1914 வரை ஒரு ரூபாய்க்கு 1 பிராங்க் 68 சாந்தீம். பிரெஞ்சு இந்தியாவுக்குரிய நோட்டுகளை வெளியிடும் உரிமையை 1875-இல் நிறுவப்பட்ட இந்தோசீனா வங்கி பெற்றிருந்தது. ஆனால் அந்த நோட்டுகளும் பிராங்க் நோட்டுகள் அல்ல, ரூபாய் நோட்டுகளே. பிரெஞ்சு எழுத்தில் ‘ரூப்பி’ என்று அச்சிட்ட அவை ஆங்கில இந்திய ரூபாயோடு சம மதிப்புடையனவாய் வழங்கின. பிராங்க் சம்பளப் பட்டியலிலும், ஓய்வூதியச் சீட்டிலும், அஞ்சல் தலையிலுமே வாழ்ந்தது.

முதல் உலகப் போர் இந்தக் கதையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. நான்காண்டுப் போருக்காகப் பிரான்சு நோட்டுகளை அச்சிட்டுத் தள்ளியது. கடன் மலைபோல் குவிந்தது. 1914-இல் 25 பிராங்குக்குக் கிடைத்த ஸ்டர்லிங் பவுன், 1926 சூலையில் 240 பிராங்குக்கு மேல் விற்றது. புவான்கரே தலைமையமைச்சராகி நிலைமையைக் கட்டுப்படுத்தினார். 1928 சூனில் இயற்றிய சட்டம் பிராங்கைப் பழைய மதிப்பில் ஐந்தில் ஒரு பங்காக உறுதிப்படுத்திற்று. அதே காலத்தில், 1927-இல், நம் ரூபாய் 18 பென்ஸாக நிறுத்தப்பட்டது.

இப்போது நாம் ஓர் ஓய்வூதியக்காரரை மனக்கண்ணால் காண்போம். காரைக்கால், நிரவி, திருமலைராயன்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து பிரெஞ்சுப் படையிலும், இந்தோசீனாவில் பிரெஞ்சு அரசாங்க அலுவலகங்களிலும் பணியாற்றச் சென்றவர் பலர். முதுமையில் ஊர் திரும்பிய ஒருவருக்கு மாதம் 100 பிராங்க் வருவதாக வைத்துக்கொள்வோம். 1914-இல் அவர் வாங்கியது 59 ரூபாய் 8 அணா. அந்நாளில் அது ஒரு குடும்பம் மதிப்போடு வாழப் போதிய தொகை. 1926 சூலையில் அதே 100 பிராங்குக்கு 5 ரூபாய் 8 அணாதான். 1928-இல் நிலைமை தேறிய பிறகும் 10 ரூபாய் 12 அணாவுக்குச் சற்றுக் குறைவு. பிரெஞ்சு அரசாங்கம் ஓய்வூதியங்களைப் பின்னர் உயர்த்தியது உண்மையே. ஆயினும் உயர்வு நொண்டிக்கொண்டு வந்தது, வீழ்ச்சி ஓடி வந்தது. நெல் விற்கும் பண்ணையாருக்கும் ரூபாயில் கூலி வாங்கும் நெசவாளருக்கும் பிராங்க் எக்கேடு கெட்டாலும் நேரடியான துன்பம் இல்லை. அரசாங்கத்தின் சொல்லை நம்பித் தம் இளமையைக் கொடுத்தவர்களே அடிபட்டார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு சிறிய, அழகிய சாட்சி அஞ்சல் தலைகளில் உண்டு. பிரெஞ்சு இந்தியாவின் அஞ்சல் தலைகள் 1892 முதல் பிராங்கிலும் சாந்தீமிலும் விலை குறிக்கப்பட்டிருந்தன. பிராங்க் விழுந்துகொண்டிருக்க, ரூபாயைக் கையில் வைத்திருப்பவனுக்கு அந்தத் தலைகள் வரவர மலிவாகிக்கொண்டே போயின. 1923-இல் பழைய தலைகளின்மீது புதிய விலை அச்சிட்டார்கள். அவ்விலை காசு, பணம், ரூபாய் என்ற கணக்கில் இருந்தது. 24 காசு ஒரு பணம். 8 பணம் ஒரு ரூபாய். ஆக ரூபாய்க்கு 192 காசு. ஆங்கில இந்தியாவில் 16 அணா, அணாவுக்கு 12 பை, அதுவும் 192. பிராங்க் தடுமாறியபோது, தங்கள் நாட்டு முத்திரையின்மீதே தமிழ்க் கடைத்தெருவின் பழங்கணக்கைப் பிரெஞ்சு அதிகாரிகள் அச்சிட நேர்ந்தது!

இரண்டாம் உலகப் போரில் பிரான்சு செருமனியிடம் வீழ்ந்தது. பிரெஞ்சு இந்தியாவின் ஆளுநர் போன்வேன் 1940 செப்டம்பரில் தெகோலின் சுதந்திர பிரான்சு இயக்கத்தோடு சேர்ந்தார். அப்போது பவுனுக்கு 176 பிராங்கும் சொச்சமும் என்ற விகிதத்தை ஆங்கிலேயர் ஏற்றனர். ரூபாய்க்கு 13 பிராங்க் 25 சாந்தீம். அதன் பின்னர் இறக்கம் படிப்படியாயிற்று. 1945 திசம்பரில் ரூபாய்க்கு 36 பிராங்க். 1948 சனவரியில் 64 பிராங்க் 80 சாந்தீம். 1949 செப்டம்பரில் பவுனும் ரூபாயும் பிராங்கும் மதிப்புக் குறைந்த பின் 73 பிராங்க் 50 சாந்தீம். 1914-இல் 59 ரூபாய் பெற்ற 100 பிராங்க், இப்போது 1 ரூபாய் 6 அணாகூடப் பெறவில்லை.

காரைக்காலுக்கு மற்றொரு நாணயமும் நெருக்கமானது. சைகோன் நகரத்தில் பிழைத்தவர்கள் அனுப்பிய பியாஸ்தர் அது. 1945 இறுதியில் ஒரு பியாஸ்தருக்கு 17 பிராங்க் என்று பாரிஸ் அரசாங்கம் விதித்தது. 1953 மே 11-ஆம் நாள் அதை ஒரே ஆணையால் 10 பிராங்காகக் குறைத்தது. மே மாதத் தொடக்கத்தில் 100 பியாஸ்தருக்கு 23 ரூபாய் 2 அணா கணக்கானது. ஒரு வாரம் தாமதித்திருந்தால் 13 ரூபாய் 9 அணாவே. கடிதம் எழுதத் தாமதித்த மகனைத் தாய் கடிந்துகொள்ளலாம். ஆனால் அவன் என் செய்வான்?

இதற்கிடையே அரசியல் காற்று திசை மாறிவிட்டது. 1941-இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம் 1949-இல் முடிவடைந்தது. காரைக்காலைச் சுற்றிலும் இந்தியச் சுங்கச் சாவடிகள் எழுந்தன. அரிசிக்கும் துணிக்கும் அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. தங்கமும் கைக்கடிகாரமும் களவாக எல்லை தாண்டின. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பின் பின், நவம்பர் 1-ஆம் நாள் காரைக்கால் உள்ளிட்ட பகுதிகள் நடைமுறையில் இந்தியாவோடு இணைந்தன. உடன்படிக்கையில் நம் பொருளுக்குரிய விதி ஒன்றும் உண்டு. அப்பகுதிகளில் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்படும் நாணயத்துக்கு ஈடான தொகையைச் சம மதிப்பில், பவுனாகவோ இந்திய ரூபாயாகவோ பிரான்சு திருப்பித் தர வேண்டும் என்பது அது. பிராங்காகக் கொடுக்கலாம் என்று எழுதப்படவில்லை. ஐம்பதாண்டு அனுபவம் அந்த வரிக்குள் அடங்கியிருக்கிறது எனலாம்.

1956-இல் கையெழுத்தான இணைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படி நிறைவேறியது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாதத் தவணை கொடுக்கப்பட்டது. பிரெஞ்சு ஓய்வூதியமும் தொடர்ந்து வந்தது. ஆகவே மாற்று விகிதத்தின் கதையும் காரைக்காலில் முடியவில்லை. 1960 சனவரி முதல் நாள் பிரான்சு 100 பழைய பிராங்கை ஒரு புதிய பிராங்காக்கியது. அப்போது அந்தப் புதிய பிராங்கின் மதிப்பு 96 காசு, ஏறத்தாழ ஒன்றுக்கொன்று. 1966 சூன் 6-இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு பிராங்குக்கு 1 ரூபாய் 52 காசு ஆயிற்று. பிராங்கில் ஓய்வூதியம் பெற்றவரின் வருமானம் ஒரே நாளில் நூற்றுக்கு 57 பங்கு உயர்ந்தது. அடுத்த வீட்டில் ரூபாயில் ஓய்வூதியம் பெற்றவருக்கு ஒரு காசும் உயரவில்லை. 1926-இன் அழுகை நாற்பதாண்டு கழித்து மறுபக்கம் திரும்பியது. 1999-இல் 6.55957 பிராங்க் ஒரு யூரோ என்ற விகிதத்தில் பிராங்க் யூரோவுக்குள் கரைந்தது. 2002-இல் பிராங்க் நோட்டுகளும் புழக்கத்தை விட்டு நீங்கின.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது என்ன? நாணயம் வெள்ளியாக இருந்தவரை மாற்று விகிதத்தைத் தராசு சொன்னது. சுரங்கமும் சந்தையும் அந்தத் தராசை அசைத்தன. நாணயம் தாளானபின் அரசாங்கத்தின் ஆணை சொன்னது; போரும் கடனும் அந்த ஆணையை மாற்றின. இரண்டு காலத்திலும் விகிதத்தை நிர்ணயித்தவர்கள் வேறு. அதன் விளைவைச் சுமந்தவர்கள் வேறு. தமிழில் ‘நாணயம்’ என்ற சொல் காசையும் குறிக்கும், சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். ஓய்வூதியம் என்பது ஓர் அரசாங்கம் தன் ஊழியனுக்குக் கொடுத்த சொல். காசின் நாணயம் கெட்டபோது, அந்தச் சொல்லின் நாணயமும் கெட்டது என்பதைக் காரைக்கால் முதியோர் தம் கைச்சீட்டிலேயே கண்டனர்.

மாணவர்களே! உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் ஓர் ஒப்பந்தச் சீட்டோ, பண விடைத்தாளோ, அஞ்சல் தலையோ அகப்பட்டால் அதிலுள்ள தொகையை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். தேதியையும் பாருங்கள். எந்த நாணயத்தில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த ஆண்டில் அத்தொகைக்கு எத்தனை ரூபாய் கிடைத்தது என்று கணக்கிட்டுப் பாருங்கள். அதை வைத்து உங்கள் குடும்பம் அந்த ஆண்டில் எப்படி வாழ்ந்தது என்பதை நீங்களே எழுதத் தொடங்கலாம்.